உபவாசக் கடல்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே, எந்தக் கண்டத்தின் கரையிலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கும் ஹவாய்த் தீவுக் கூட்டத்தில், பரப்பளவால் இரண்டாவதாகிய மாவி என்னும் தீவுக்கு, மார்கழி பிறந்தது முதல் பங்குனி முடியுமட்டும், பல தேசங்களிலிருந்தும் மக்கள் லட்சக்கணக்கில் உல்லாசப் பிரயாணமாக வந்து போகின்றனர். வட அமெரிக்காவின் கொடுங்குளிரினின்று தப்பி, இளவெயிலையும் தென்னை நிழலையும் தேடி வரும் அவர்கள், கரையோரத்து விடுதிகளில் தங்கி, வயிறார உண்டு, மனமார ஓய்வு கொண்டு, ஒருநாள் காலையிலே படகேறிக் கடலுக்குள் சென்று கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கண்டு வருவதையே அப்பிரயாணத்தின் சிகரமாகக் கருதுகின்றனர். திமிங்கிலங்களும் அதே காலத்தில் வடதிசைக் குளிரை விட்டு வெதுவெதுப்பான நீரை நாடி வருவதால், அவையும் நம்மைப் போல் விடுமுறைக்கு வந்தவை என்று சொல்லிக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. கேட்பதற்கு இனிமையான அந்த எண்ணம் உண்மைக்கு நேர்மாறானது. அலாஸ்காவின் கரையோரத்தை விட்டுப் புறப்பட்ட திமிங்கிலம், சுமார் 4,800 கிலோமீட்டர் தூரத்தை ஆறு முதல் எட்டு வாரங்களில் நீந்திக் கடந்து, மாவியைச் சூழ்ந்த கடலில் வாரக்கணக்காகத் தங்கி, மீண்டும் அதே வழியாக வடக்கே போய்ச் சேரும் வரையில், அநேகமாக ஆகாரமே உட்கொள்வதில்லை. ஈன்றெடுப்பதும் பாலூட்டுவதும், துணை தேடிப் போரிடுவதும் மணிக்கணக்காகப் பாடுவதும் எல்லாம் வெறும் வயிற்றோடு நடக்கின்றன. மனிதனுக்கு ஓய்விடமாகிய அந்தக் கடல் திமிங்கிலத்துக்கு உபவாச பூமி. இந்த ஒன்றை அறிந்து படகேறுகிறவர் அங்கே காணும் ஒவ்வொரு காட்சியும் வேறொரு பொருள் கொண்டு விளங்கும்.

வெப்ப மண்டலக் கடலின் அழகைப் புகழாதவர் இல்லை. கண்ணாடி போல் தெளிந்து, அடித்தளத்துப் பவளமும் மணலும் தெரிய, நீலத்திலே எத்தனை வகை உண்டோ அத்தனையும் காட்டி நிற்கும் அந்த நீர், உயிர்நூல் அறிந்தவர் கண்ணுக்கு வறுமையின் அடையாளம். கடலில் உயிர் வாழ்வனவற்றுள் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஆதாரம், நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்கள். அவை செழித்த இடத்தில் நீர் பசுமை கலந்து கலங்கித் தோன்றும், அவை அருகிய இடத்தில் தெளிந்து நீலமாகும். அவை செழிக்கச் சூரிய ஒளி மட்டும் போதாது. நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துக்களும் வேண்டும். மேல்மட்டத்து உயிர்கள் மடிந்து கீழே அமிழும்போது அச்சத்துக்கள் ஆழ்கடலுக்குச் சென்றுவிடுகின்றன. குளிர் நாடுகளிலே பனிக்காலத்துப் புயல்கள் நீரை ஆழமாகக் கலக்கி அவற்றை மேலே கொணர்கின்றன. வெப்ப நாடுகளிலோ, ஆண்டு முழுவதும் காயும் வெயிலினால் மேற்பரப்பு நீர் உஷ்ணமடைந்து, இலேசாகி, கீழேயுள்ள குளிர்ந்த கனத்த நீரின்மேல் ஒரு மூடியாகப் படிந்துவிடுவதால், ஒளி இருக்கும் இடத்தில் சத்து இல்லை, சத்து இருக்கும் இடத்தில் ஒளி இல்லை. நாற்பது டன் வரை எடை வளரும் ஒரு பிராணி, சிறு மீனையும் கிரில் எனப்படும் இறால் போன்ற சிற்றுயிரையும் வாய் நிறைய அள்ளி வடிகட்டி உண்ணும் இயல்புடையதாதலால், இத்தகைய நீரில் அது வாய் திறப்பதே வீண்.

அதன் விளைநிலம் வடக்கே இருக்கிறது. கோடையிலே அலாஸ்காவின் கரையோரக் கடலில் பகல் நீண்டு, நீர் பசுமை பாரித்து, கிரிலும் ஹெர்ரிங் மீனும் திரள் திரளாகப் பெருகும்போது, திமிங்கிலங்கள் இரவு பகலாக இரை கொள்கின்றன. சில இடங்களில் பல திமிங்கிலங்கள் ஒன்றுகூடி, மீன் கூட்டத்தின் கீழே வட்டமிட்டு நீந்திக்கொண்டே மூச்சுக் குமிழிகளை விட்டு, அந்தக் குமிழித் திரையினால் மீன்களை வளைத்து நெருக்கி, பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலெழும்புவதைப் பார்த்தவர்கள், வேட்டையில் இத்தகைய கூட்டுறவு விலங்குலகில் அரிது என்கின்றனர். இவ்வாறு உண்டதெல்லாம் தோலின் கீழே கொழுப்பாகச் சேர்கிறது. அந்தக் கொழுப்பே பின்வரும் மாதங்களுக்குரிய உணவு. வடக்கே திரும்பும்போது சில திமிங்கிலங்கள் தம் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை இழந்திருக்கும்.

அப்படியானால், உணவு நிறைந்த இடத்தை விட்டு உணவற்ற இடத்துக்கு இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் சொல்லும் விடைகள் ஒன்றல்ல. பிறந்த கன்றின் சரீரத்தில் கொழுப்பு மிகக் குறைவாதலால் குளிர்ந்த நீரில் அது உஷ்ணத்தை இழந்து வாடும் என்றும், வெதுவெதுப்பான நீரில் அச்சக்தி மிச்சமாகி வளர்ச்சிக்குப் பயன்படும் என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. ஆனால் வடதுருவத்தை ஒட்டிய குளிர்கடல்களை விட்டு என்றுமே வெளியேறாத வில்தலைத் திமிங்கிலம் பனிக்கட்டிகளின் நடுவிலேயே கன்று ஈன்று வளர்த்துவிடுகிறது; ஆகவே குளிர் ஒன்றே காரணமாக இருக்க முடியாது. 1999-ஆம் ஆண்டில் கார்க்கரன், கானர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் முன்வைத்த விளக்கம் ஓர்கா எனப்படும் கொலைத் திமிங்கிலத்தைப் பற்றியது. குளிர்கடல்களில் மிகுந்தும் வெப்பக் கடல்களில் அருகியும் காணப்படும் அந்த வேட்டைப் பிராணியிடமிருந்து கன்றுகளைக் காப்பாற்றவே தாய்கள் இவ்வளவு தூரம் வருகின்றன என்பது அவர்கள் கொள்கை. மாவிக்கு வரும் திமிங்கிலங்கள் சிலவற்றின் வால் துடுப்புகளில், வரிசை வரிசையாகப் பற்கள் பதிந்த பழைய வடுக்கள் இன்றும் தெரிகின்றன. 2020-இல் பிட்மனும் அவருடன் ஆராய்ந்தவர்களும் மூன்றாவது காரணம் ஒன்றைக் கூறினர். உறைகுளிர் நீரில் இருக்கும்போது உடல் வெப்பம் வீணாகாதபடி தோலுக்கு ரத்த ஓட்டம் குறைக்கப்படுவதால், பழைய தோலை உதிர்த்துப் புதுத்தோல் வளர்த்துக்கொள்ள வெப்ப நீர் தேவைப்படுகிறது என்கிறார்கள் அவர்கள். இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. எனினும், பல மாத உபவாசத்தின் விலைக்கு ஈடாகக் கூடியது கன்றின் உயிரைத் தவிர வேறில்லை என்று தோன்றுவதால், இரண்டாவது விளக்கத்தையே என் மனம் அதிகமாக நம்புகிறது.

திமிங்கிலங்களைத் தொலைதூரக் குளிர்கடல்களுக்கு இழுப்பது உணவே என்பதற்குச் சிறந்த சாட்சி நம் மேற்குக் கடலிலேயே இருக்கிறது. அரபிக்கடலில், ஓமான் நாட்டுக் கரையோரமாக வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் துருவக் கடல்களுக்குப் போவதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபு நாட்டுக் கரைக்கு இணையாக வீசி மேல்நீரை அப்பால் தள்ள, அதன் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் பொங்கி எழுவதால், அந்த வெப்பமண்டலக் கடல் ஆண்டுதோறும் பசுமை பூத்து இரை நிறைந்து விளங்குகிறது. அங்கே வாழ்வனவற்றுக்கு உணவும் பிரசவமும் ஒரே கடலில் கிடைக்கின்றன. ஏறக்குறைய எழுபதாயிரம் ஆண்டுகளாகப் பிற கூட்டங்களோடு கலவாமல் தனித்து வாழ்ந்து வந்தவை இவை என்று மரபணு ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. 2017-இல் ஓமானில் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்னும் பெண் திமிங்கிலம் ஒன்று, அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து சென்றது செயற்கைக்கோள் வழியாக அறியப்பட்டது. அவ்வினத்தில் இப்பொழுது எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்பதே மதிப்பீடு. 1960-களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் சட்ட விரோதமாக இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றன என்ற செய்தியை அதனோடு சேர்த்துப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

மாவிக்குத் திரும்புவோம். மாவி, மொலோகாயி, லானாயி, கஹோலாவே என்னும் நான்கு தீவுகளும் பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது ஒரே நிலப்பரப்பாக இருந்தவை. அந்நிலத்தின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியே இன்றைய கால்வாய்கள் உண்டாயின. ஆகவே சுற்றியுள்ள சமுத்திரம் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமாக இருக்க, இத்தீவுகளுக்கிடையே மட்டும் கடல் ஆழமின்றி, மலைகளால் காற்று தடுக்கப்பட்டு, அமைதியாகக் கிடக்கிறது. கன்றோடு கூடிய தாய்கள் விரும்புவது இத்தகைய இடத்தையே. மாலாயாத் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகு, 3,055 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஹலேயகலா எரிமலையைப் பின்னே விட்டுச் சிறிது தூரம் போவதற்குள்ளாகவே, மாசி மாதத்தில், நாற்புறமும் வெண்மையான நீராவிக் கம்பங்கள் எழுவதைக் காணலாம். பலர் எண்ணுவது போல் அது வாயிலிருந்து பீய்ச்சப்படும் கடல்நீர் அன்று. நுரையீரலிலிருந்து வேகமாக வெளிப்படும் மூச்சுக் காற்றும், அதனோடு சிதறும் நுண்துளிகளுமே. படகேற வசதியில்லாதவர், தெற்குக் கரையில் மக்கிரிகர் முனைப் பாறைமீது ஒரு தூரதர்சினியோடு உட்கார்ந்தாலும் போதும்.

வருகையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முந்திய கன்றுக்குப் பால் மறக்கடித்த தாய்களும் இளம் பிராணிகளும் முதலில் வர, வளர்ந்த ஆண்கள் பின்தொடர, கர்ப்பிணிகள் வடக்கே கடைசி வாய் இரைவரை உண்டுவிட்டு எல்லாருக்கும் பின்னே வந்து சேர்கின்றன. திரும்பும்போது, புதிதாகக் கருவுற்றவை முதலில் விரைகின்றன. கன்று ஈன்ற தாய்கள், அது நெடுவழி நீந்தும் வலிவு பெறும்வரை தங்கிக் கடைசியில் புறப்படுகின்றன. வயிற்றில் ஓர் உயிரைச் சுமந்தோ, பாலூட்டியோ, யாருக்குத் தேவை அதிகமோ அதற்குத் தக்கபடியே நாட்கள் அமைந்திருக்கின்றன.

பதினோரு மாதங்களுக்கு மேல் தாய் வயிற்றில் இருந்து பிறக்கும் கன்று, பிறக்கும்போதே நான்கு மீட்டருக்குக் குறையாத நீளமும் ஒரு டன்னை நெருங்கும் எடையும் உடையது. அது உறிஞ்சிக் குடிக்க இயலாதாதலால், தாயே தசைகளைச் சுருக்கிப் பாலை அதன் வாய்க்குள் செலுத்துகிறது. பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுள்ள கொழுப்பு, இந்தப் பாலில் சுமார் நாற்பது பங்கு. அந்தக் கொழுப்பெல்லாம் கோடையில் அலாஸ்காவில் உண்ட ஹெர்ரிங்கிலிருந்தும் கிரிலிலிருந்தும் வந்தது; இப்பொழுது அதை ஈடுசெய்ய ஒரு கவளமும் கிடையாது. தாய் நீரின் கீழே அசைவற்றுக் கிடக்க, அடிக்கடி மூச்சு வேண்டிய கன்று மட்டும் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தனியே மேலே வந்து, சுவாசித்து, ஒரு வட்டமிட்டுத் தாயின் மோவாயின்கீழ் போய் ஒதுங்குவதைக் காண்பது, மாவிக் கடலின் காட்சிகளுள் மிக மென்மையானது. பார்வையாளர் பெரிதும் ஆவலோடு எதிர்பார்ப்பது, திமிங்கிலம் முழு உடலோடு நீரைவிட்டுத் துள்ளி வீழ்வதைத்தான். அதன் நோக்கம் இன்னதென்று இன்றுவரை முடிவாகவில்லை. எனக்கோ, அசையாமல் கிடக்கும் அந்தத் தாயே அதைவிடப் பெரிய ஆச்சரியமாகப் படுகிறது. அசையாமலிருப்பது அதன் சிக்கனம்.

ஆண்களின் செலவு வேறு வகைப்பட்டது. ஒரு பெண்ணின் பின்னே ஐந்து, பத்து, சில சமயம் அதற்கும் மேற்பட்ட ஆண்கள் ஒன்றையொன்று மோதித் தள்ளி, உடலிலே ரத்தக் காயம் படும்படி போரிட்டு, மணிக்கணக்காக விரைந்து செல்வதுண்டு. பாடுவனவும் ஆண்களே. பெர்முடாத் தீவின் அருகே அமெரிக்கக் கடற்படைக்காகக் கடலடி ஒலிகளைக் கேட்டுப் பதிவு செய்துவந்த பிராங்க் வாட்லிங்டன் என்னும் பொறியியலாளர் கொடுத்த நாடாக்களைக் கேட்ட உயிர்நூல் அறிஞர் ரோஜர் பேன், அந்த முனகலும் உறுமலும் கீச்சொலியும் தாறுமாறானவை அல்ல, குறிப்பிட்ட வரிசையில் திரும்பத் திரும்ப வருபவை என்று கண்டார். ஒலியைக் கோடுகளாகக் காட்டும் படங்களின் உதவியால், ஸ்காட் மக்வேயுடன் சேர்ந்து 1971-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் அது பாட்டு என்றே நிலைநாட்டப்பட்டது. சிறு ஒலிகள் சேர்ந்து சொற்றொடராகி, ஒரே சொற்றொடர் பன்முறை வந்து ஒரு பகுதியாகி, பல பகுதிகள் மாறாத முறைப்படி அடுக்கப்பட்டுப் பாட்டாகின்றன. அது பத்து இருபது நிமிஷங்கள் நீண்டு, முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி தொடங்கும். ஒரு கடற்பகுதியில் உள்ள ஆண்கள் அனைத்தும் ஒரு பருவத்தில் ஒரே பாட்டைப் பாடுகின்றன. பருவம் நடக்க நடக்க அந்தப் பாட்டும் சிறிது சிறிதாக மாறுகிறது, மாற்றத்தையும் எல்லாம் ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் தோன்றிய பாட்டுகள், சில ஆண்டுகளுக்குள் தீவு தீவாகக் கிழக்கே பரவிப் பிரெஞ்சுப் பாலினேசியா வரை சென்றடைந்ததை எல்லன் கார்லண்ட் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்டனர். ஒருவர் பாடக் கேட்டு மற்றவர் கற்கும் வழக்கம், தலைமுறைக் கணக்கில்லாமல் ஆண்டுக் கணக்கில் இவ்வளவு தூரம் பரவுவது, மனிதரல்லாத பிராணிகளில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை. இந்தப் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பது 2024-இல்தான் விளங்கியது: குரல்வளையில் உள்ள வளைவான ஓர் உறுப்பு, எதிரே அமைந்த கொழுப்புத் திண்டின்மேல் அழுந்த, அத்திண்டு அதிர்கிறது என்று கோன் எலமன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர் காட்டினர். மாவிக் கடலில் முகமூடி அணிந்து தலையை நீருக்குள் அமிழ்த்தும் எவருக்கும், மாசி பங்குனியில், அந்தப் பாட்டு காதில் விழும். பாடுகிற பிராணி கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தாலும் அந்த ஒலி மார்பிலே அதிர்வதை உணரலாம்.

இவ்வளவும் சேமித்த கொழுப்பிலிருந்தே நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஹவாய்க் கடலில் படகுகளுக்கு விதிக்கப்பட்ட நியமத்தின் நியாயம் தானே புலப்படும். திமிங்கிலத்தை நூறு கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், எந்தப் படகும் நெருங்கலாகாது. அது வரும் வழியில் முன்கூட்டிச் சென்று காத்திருக்கவும் கூடாது. படகின் ஓசைக்கு அஞ்சி ஒரு தாய் தன் கன்றோடு ஒரு நாழிகை விரைந்து நீந்தினால், அந்த நாழிகையில் எரிந்த கொழுப்பு கன்றின் பாலிலிருந்து குறைந்த கொழுப்பாகும். நெருங்கிப் போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்துகிற பிரயாணிகள் இதை அறிந்திருந்தால் வற்புறுத்தமாட்டார்கள் என்றே நம்புகிறேன். நல்ல படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். திமிங்கிலம் தானாகவே அருகில் வந்து நோக்குவதும் உண்டு, அதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

மாவியின் மேற்குக் கரையிலுள்ள லஹைனா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், திமிங்கில எண்ணெய்க்காகப் பசிபிக்கைச் சல்லடையிட்ட கப்பல்கள் நூற்றுக்கணக்கில் வந்து தங்கிய துறைமுகம். எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இளைஞராக 1843-இல் அங்கே வந்து இறங்கியதுண்டு. 2023 ஆகஸ்டில் எழுந்த பெருந்தீயில் அந்தப் பழைய நகரின் பெரும்பகுதி வெந்தழிந்தது, நூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வந்த கப்பல்கள் முக்கியமாகத் தேடியவை வேறு இனங்கள். கூன்முதுகுத் திமிங்கிலத்துக்குப் பெருநாசம் விளைந்தது இருபதாம் நூற்றாண்டில், நீராவிக் கப்பலும் வெடியீட்டியும் வந்தபிறகு. 1966 முதல் வட பசிபிக்கில் அதன் வேட்டை தடுக்கப்பட்டபோது, எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சமே என்று கணக்கிட்டனர். 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஹவாய்க் கடலின் ஒரு பகுதியை இத்திமிங்கிலத்துக்கென்றே சரணாலயமாக்கியது. அதன்பின் அவை பெருகிய வேகம், காப்பாற்ற நினைத்தால் கடல் எவ்வளவு தாராளமாகத் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டியது.

இந்தக் கணக்குகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதில்தான் உல்லாசப் பிரயாணிக்கும் பங்கு உண்டு. திமிங்கிலம் ஆழ முழுகும்போது வால் துடுப்பைத் தலைகீழாக உயர்த்தும். அதன் அடிப்புறத்தில் உள்ள வெள்ளை கறுப்புத் திட்டுகளும் விளிம்பின் வெட்டுகளும் ஒன்றுக்கு இருப்பது போல் மற்றொன்றுக்கு இருப்பதில்லை. டெட் சீஸ்மன் என்பவர் 2015-இல் தொடங்கிய ஹேப்பிவேல் என்னும் தொகுப்பு, ஆராய்ச்சியாளரும் சாதாரணப் பிரயாணிகளும் எடுத்த புகைப்படங்களைச் சேர்த்து, கணினியைக் கொண்டு ஒப்பிட்டு, ஒவ்வொரு திமிங்கிலமும் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்று கண்டறிகிறது. இவ்வாறு திரண்ட படங்களிலிருந்து 2024-இல் வெளிவந்த முடிவு கவலைக்குரியது. வட பசிபிக்கில் 2012-இல் சுமார் 33,500 ஆக உயர்ந்திருந்த தொகை, 2021-இல் சுமார் 26,700 ஆகக் குறைந்திருக்கிறது. ஹவாய்க்கு வருவனவற்றில் 2013-க்கும் 2021-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்தன. 2014 முதல் 2016 வரை வட கிழக்குப் பசிபிக்கில் நீடித்த கடல் வெப்ப அலையினால் நீர் கலங்காமல் நின்று, சத்துக் குறைந்து, கிரிலும் மீனும் அருகியதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகின்றனர்.  மாவிக் கடல் வெளிப்பார்வைக்கு அதே நீலமாகவே இருந்தது. ஆனால் வடக்கே கோடையில் வயிறு நிரம்பாத தாய், தெற்கே பனிக்காலத்தில் கன்றோடு தோன்றவில்லை. 2013-க்கும் 2018-க்கும் இடையில் மாவிக் கடலில் தாயும் கன்றுமாகக் காணப்பட்டவை முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன.

ஆகையால் மாவிக்குச் செல்பவர், துள்ளி எழும் திமிங்கிலத்தைப் படம் பிடிப்பதோடு நில்லாமல், அது முழுகும்போது வாலின் அடிப்புறத்தையும் தெளிவாகப் படம் பிடித்து, நாளும் இடமும் குறித்து அந்தத் தொகுப்புக்கு அனுப்பிவைக்க வேண்டும். கன்று உடனிருந்ததா என்பதையும் மறவாமல் சேர்த்து எழுதவேண்டும்.